பரமார்த்த குருவின் சீடர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்? ஏலாக்குறிச்சி மரபுக் கதையொன்றின் வாசிப்பு வரலாறு

1826ஆம் ஆண்டு பாரிஸில் அபே துபுவா ஒரு கதைத் தொகுப்பை வெளியிட்டார். முதலில் பஞ்சதந்திரம், அடுத்துப் பரமார்த்த குருவின் கதை, பிறகு வேறு சில கதைகள். தலைப்புப் பக்கத்தில் விஷ்ணுசர்மனின் பெயர் இருக்கிறது. எல்லாம் இந்திய மூலங்களிலிருந்து முதன்முறையாக மொழிபெயர்க்கப்பட்டவை என்ற அறிவிப்பும் இருக்கிறது. பரமார்த்த குருவை எழுதிய கொன்ஸ்தந்தீனோ ஜோசப் பெஸ்கி என்ற வீரமாமுனிவரின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. இத்தனைக்கும் பெஞ்சமின் பாபிங்டன் தமிழ் மூலத்தையும் ஆங்கிலப் பெயர்ப்பையும் லண்டனில் அச்சிட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஒரு பக்கம் உண்டாக்கிய வாசிப்பை மறுப்பதே இக்கட்டுரையின் வேலை.

பள்ளிக்கூடம் பற்றிய நம் இளையோர் புனைவுகள்மீது எப்போதும் ஒரு குறை சொல்லப்படுகிறது: இவற்றில் வரும் வாத்தியாரையும் மாணவரையும் எந்தப் பள்ளியிலும் பார்க்க முடியாது. ஆசிரியர் கோமாளியாகவோ கொடியவராகவோ தெய்வமாகவோ இருப்பார். மாணவர் மக்காகவோ மேதையாகவோ இருப்பார். இந்தச் சித்திரத்தின் தொடக்கத்தைத் தேடிப் பின்னோக்கிப் போகிறவர்கள் தவறாமல் வந்துசேரும் இடம் பரமார்த்த குரு. தமிழ் உரைநடையில் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்துவந்த மிகப் பழைய ஆசிரியர்–மாணவர் கதை அதுதான். ஒரு குரு, மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆக, நம் முதல் வகுப்பறையே பொய்யான வகுப்பறை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அது வகுப்பறையே அல்ல என்பது என் வாதம். அதை வகுப்பறையாக்கியது துபுவா தொடங்கிவைத்த வாசிப்பு.

கதையோடு தொடர்புடைய நிலம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. திருமானூருக்கு அருகே, கொள்ளிடத்துக்கு வடக்கே உள்ள ஏலாக்குறிச்சியில் பெஸ்கி பல ஆண்டுகள் பணியாற்றினார். அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டு, அடைக்கல மாதாமேல் கலம்பகம் பாடினார். அரியலூர் மழவராயர் அந்தக் கோயிலுக்கு நிலம் கொடுத்தார் என்பது ஊர் மரபு. வேதியர்களுக்கு, அதாவது மறையுரைக்கும் உபதேசியார்களுக்கு, அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ இக்காலத்தது. ஏலாக்குறிச்சியில் நடந்த இந்தக் கல்விப் பணியை மையத்தில் வைத்துப் பெஸ்கியைப் படிக்கும் வழியை மார்கரித்தா திரெந்தோவின் 2022ஆம் ஆண்டு நூல் நமக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அந்த வழியில் இன்னும் ஓர் அடி வைத்துப் பார்க்கிறேன்.

கதை எப்போது எழுதப்பட்டது என்பது தீராத கேள்வி. தேம்பாவணி 1726, சதுரகராதி 1732 என்று மற்ற நூல்களுக்குச் சொல்லிவிடலாம். கொடுந்தமிழ் இலக்கணம் 1728இல் எழுதப்பட்டுப் பத்தாண்டு கழித்துத் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள், பெஸ்கி வாழ்நாள் முழுக்க வாதாடிய லுத்தரன்காரர்களே. பரமார்த்த குருவுக்கு அப்படி ஒரு திட்டமான ஆண்டு இல்லை. தமிழ்–லத்தீன் அகராதி வேலையோடு சேர்த்து அதை 1740களின் தொடக்கத்துக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. இலக்கணத்தோடு சேர்த்து முன்னே இழுக்கிறவர்களும் உண்டு. பெஸ்கி இறந்த ஊரும் ஆண்டும்கூட நெடுங்காலம் மணப்பாடு, 1742 என்றே வழங்கிவந்தன. அம்பலக்காடு, 1747 என்பது பின்னால் நிலைபெற்றது. ஆகவே ‘ஏலாக்குறிச்சியில் எழுதப்பட்டது’ என்று நான் அறுதியிடவில்லை. ஏலாக்குறிச்சியில் உருவான பழக்கத்திலிருந்து எழுதப்பட்டது என்பதே என்னால் சொல்லக்கூடியது. குருவும் சீடர்களும் கடக்கும் ஆறு கொள்ளிடம்தான் என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் கதையில் ஆற்றுக்குப் பெயர் இல்லை.

துபுவாவின் வாசிப்பு

துபுவாவைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது. 1792இல் வந்து 1823 வரை தென்னாட்டில் வாழ்ந்தவர். உள்ளூர் உடையில், உள்ளூர் உணவில் இருந்தவர். இந்து சமூக வழக்கங்கள் பற்றிய அவர் நூல் கும்பினி அதிகாரிகளுக்குக் கையேடு. அப்படிப்பட்டவர் பரமார்த்த குருவைப் பஞ்சதந்திரத்தின் பக்கத்தில் வைத்து ‘இந்திய மூலம்’ என்றால், ஐரோப்பிய வாசகர் இரண்டு முடிவுக்கு வருவார். கதை இந்தியர்களுடையது என்பது ஒன்று. கதையில் வரும் குருவும் சீடர்களும் இந்தியர்கள் தங்களைப் பற்றித் தாங்களே வரைந்த படம் என்பது இன்னொன்று. முதல் முடிவுக்கு ஓரளவு நியாயம் உண்டு என்பதைப் பின்னால் காட்டுகிறேன். என் மறுப்பெல்லாம் இரண்டாவதன்மேல்.

முதலில் சாட்சியின் தரம். இந்துக்களின் வழக்கங்கள் பற்றிய துபுவாவின் புகழ்பெற்ற நூல் பெருமளவுக்கு அவருக்கு முந்திய யேசு சபைக் குரு கேர்தூவின் கையெழுத்துப் படியிலிருந்து வந்தது என்பதைச் சில்வியா மூர் 1987இல் நிறுவினார். நேரில் கண்டதாக உலகம் நம்பிய பல செய்திகள் ஒரு பழைய காகிதத்திலிருந்து வந்தவை. துபுவாவைத் திருடர் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. அக்காலத்தில் பாதிரிகளின் காகிதங்கள் கைமாறுவது வழக்கமே. ஆனால் ‘மூலம்’ என்று அவர் ஒன்றைச் சுட்டினால், எந்த மூலம், யாருடையது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

அடுத்து, 1823இல் அவர் லண்டனில் வெளியிட்ட கிறித்தவம் பற்றிய கடிதங்கள். இந்நாட்டவரை மனம்மாற்றுவது நடவாத காரியம் என்பதே அவற்றின் சாரம். முப்பதாண்டு உழைப்பு வீணானது என்று நம்பி ஊர் திரும்பிய மனிதர், மூன்று ஆண்டு கழித்து, எதைச் சொன்னாலும் கோணலாகவே புரிந்துகொள்ளும் ஐந்து சீடர்களின் கதையை மொழிபெயர்த்து வெளியிடுகிறார். அந்தக் கசப்புக்கும் இந்தத் தேர்வுக்கும் தொடர்பு உண்டு என்பது என் ஊகம். நிறுவ முடியாத ஊகம்தான். ஆனால் பெஸ்கி சிரித்த இடத்தில் துபுவா தலையாட்டினார் என்பதை அந்தத் தொகுப்பின் அமைப்பே காட்டுகிறது. நீதிக் கதைகளின் வரிசையில் வைக்கப்பட்ட பின் ஒரு கேலிக்கதை இனவரைவியல் ஆகிவிடுகிறது. 1872இல் லெயோன்ஸ் பெத்தியின் செதுக்குப் படங்களோடு அந்நூல் மறுபடி வந்தபோது, குருவுக்கும் சீடர்களுக்கும் முகமே கிடைத்துவிட்டது.

பாபிங்டனின் 1822 பதிப்போ வேறு வகை நூல். தமிழ் மூலம், மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல், முதல் கதைக்கு மட்டும் சொல் சொல்லாக இலக்கண விளக்கம் என்று அதன் தலைப்பே தன்னை ஒரு பாடநூலாகக் காட்டிக்கொள்கிறது. சென்னை அரசுப் பணியில் தமிழ் கற்ற இவர் பின்னாளில் மருத்துவரானார். குரல்வளையைப் பார்க்கும் கண்ணாடிக் கருவியொன்றை உருவாக்கியவரும் இவரே. தொண்டைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் பேச்சுத் தமிழுக்குள் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பரமார்த்த குரு ஒரு மொழிப் பயிற்சி. யாருடைய சமூகச் சித்திரமும் அல்ல. மூலநூலாசிரியரின் நோக்கத்தோடு ஒத்துப்போவது இந்த வாசிப்பே. பேச்சுத் தமிழ் கற்க வரும் ஐரோப்பியக் குருமாருக்கு, சலிப்பில்லாமல் படிக்க ஒரு கதை வேண்டும் என்பதற்காகவே பெஸ்கி அதை எழுதினார்.

ஆறு பேரை எண்ணுதல்

துபுவாவுக்கு நியாயம் செய்ய வேண்டிய இடம் இது. ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் சோதித்துவிட்டு, குருவும் சீடர்களும் அதைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் ஐந்துதான் வருகிறது. ஆற்றுக்கு ஒருவரைப் பறிகொடுத்துவிட்டோம் என்று அழுகிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் பணம் பேசிக்கொண்டு, ஒவ்வொருவர் முதுகிலும் ஒன்று வைத்து எண்ணச் செய்கிறான். ஆறு பேரும் கிடைத்துவிடுகிறார்கள்.

அத்வைத மடங்களோடு பழக்கமுள்ள எவருக்கும் இந்தக் கதை தெரியும். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் பத்தாவது ஆளைக் காணோம் என்று அழுதவர்களின் உவமை 14ஆம் நூற்றாண்டு வித்யாரண்யரின் பஞ்சதசியில் விரிவாக வருகிறது. தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதம் அதையே தமிழில் பாடமாக்கியது. அங்கே வழிப்போக்கன் பணம் கேட்பதில்லை, அடிப்பதும் இல்லை. நீதான் பத்தாவது ஆள் என்று சொல்கிறான், அழுகை நின்றுவிடுகிறது. அந்த வழிப்போக்கனே அங்கே குரு.

இங்கிலாந்தின் கோதம் ஊர் மூடர்களைப் பற்றிய பழைய சிரிப்புக் கதையில் பன்னிரண்டு பேர் மீன்பிடிக்கப் போய், எண்ணும்போது பதினொருவராகிறார்கள். அரண்மனைக்காரன் ஒருவன் அவர்களிடமுள்ள பணத்தைப் பேசி வாங்கிக்கொண்டு, சாட்டையால் முதுகில் அடித்து எண்ணிக் காட்டுகிறான். 1888இல் மூடர் கதைகளைத் தொகுத்த கிளௌஸ்டன் இந்தக் கதையையும் பரமார்த்த குருவையும் அருகருகே வைத்தார். பெஸ்கியின் இத்தாலியிலும் இந்த வகைக்குக் குறைவில்லை. தான் ஏறியிருக்கும் கழுதையை விட்டுவிட்டு எண்ணித் திகைக்கும் குடியானவன் ஒருவன் 15ஆம் நூற்றாண்டுப் போஜ்ஜோவின் தொகுப்பில் இருக்கிறான்.

பெஸ்கியின் கதை, வேதாந்த உவமை, கோதம் கதை மூன்றையும் வரிசையில் நிறுத்தினால் ஒன்று தெளிவாகிறது. ஆறும், கடப்பதும், கரையில் அழுவதும் வேதாந்த உவமையோடு ஒட்டுகின்றன. அடியும் கூலியும் கோதம் கதையோடு ஒட்டுகின்றன. பெஸ்கி இரண்டையும் அறிந்திருந்தாரா, ஒன்றை மட்டும் கேட்டு மற்றதைத் தற்செயலாகத் தொட்டாரா என்பதற்குச் சான்று இல்லை. கிளையின் நுனியில் உட்கார்ந்து அடியை வெட்டும் சீடன் வரும் கதையிலும் இதே சிக்கல்தான். நமக்கு அது காளிதாசனின் இளமைக் கதை. துருக்கியில் அது நஸ்ருதீன். கதைச் சரக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியில் துபுவா பாதி சரியாக இருக்கக்கூடும். நான் அதற்குமேல் போகத் துணியவில்லை.

ஆனால் சரக்கு உள்ளூர் என்பதால் சித்திரமும் உள்ளூர் ஆகிவிடாது. வேதாந்த உவமையில் குரு கணக்குக்கு வெளியே நின்று, காணாமல் போனவனைக் காட்டிக்கொடுக்கிறார். பெஸ்கியின் கதையில் குருவே எண்ணத் தெரியாதவர் வரிசையில் ஒருவராக நிற்கிறார். வெளியே நிற்பவன் கூலிக்கு அடிப்பவன். உவமையைத் தலைகீழாக்கினால் வருவது மடத்தின் படமோ பள்ளியின் படமோ அல்ல. உவமையின் கேலி மட்டுமே.

ஓலைப் பட்டியல்

என் வாதத்துக்கு முதன்மையான இடம் வேறொரு கதையில் இருக்கிறது. கதைகளில் சீடர்கள் எழுத்தோடு தொடர்புகொள்ளும் காட்சி இது என்பதால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

குரு நொண்டிக் குதிரையில் போகிறார். தலைப்பாகை விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை, எடுக்கும்படி யாரும் சொல்லவில்லையே! குரு கோபித்து, விழுந்ததையெல்லாம் எடுக்க வேண்டும் என்கிறார். கொஞ்ச நேரத்தில் குதிரையிலிருந்து விழுந்த சாணத்தையும் பக்தியோடு ஏந்திக்கொண்டு வருகிறார்கள். இனி எதை எடுக்கலாம் என்பதற்கு ஓலையில் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. பிறகு குதிரை இடறி, குருவே குழியில் விழுகிறார். சீடர்கள் ஓலையை வாசிக்கிறார்கள். அதில் உள்ள துணிமணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். குருவை எடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. அம்மணமாகக் குழியில் கிடக்கும் குரு கெஞ்சுகிறார். எழுத்தில் இல்லாததைச் செய்ய மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் தன்னையும் எடுக்கலாம் என்று அவரே ஓலையில் எழுதித் தருகிறார்.

இதை மனப்பாடக் கல்வியின் மேல் ஏவிய அம்பு என்று படிப்பது எளிது. துபுவா வழி வந்தவர்கள் அப்படித்தான் படிப்பார்கள்: ஓலையைக் கிளிப்பிள்ளையாய் ஒப்பிக்கும் இந்திய மாணவன். இந்த வாசிப்புக்குச் சாதகமான சான்று ஒன்றையும் மறைக்கக்கூடாது. பல்லாரிக் கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய பள்ளிக் கணக்கில், மாணவர்கள் ஏராளமான செய்யுட்களைப் பொருள் தெரியாமல் கிளி போல ஒப்பிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறார்.

ஆனாலும் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சீடர்கள் ஒப்பிக்கவில்லை, வாசிக்கிறார்கள். வாசிப்பதில் பிழையும் இல்லை. சொற்பொருள் தெரிகிறது. தெரியாதது வழக்கு. ‘விழுந்ததையெல்லாம்’ என்ற சொல்லுக்குள் சாணம் அடங்காது என்பது தமிழ்ப் பேச்சில் பிறந்து வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டாத விஷயம். இலக்கணமும் அகராதியும் கையில் வைத்துக்கொண்டு மொழி கற்பவனுக்குத்தான் அதைச் சொல்லித்தர வேண்டும். அப்படிப்பட்டவர்கள் யார்? இந்தக் கதை யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள்தான்: புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கி, லத்தீன் வழியே கொடுந்தமிழ் படித்துக்கொண்டிருந்த குருமார்கள். சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொண்டு ஊராரிடம் சிரிப்புக்கு ஆளாவது அவர்களுக்கு அன்றாடம் நேர்ந்திருக்கக்கூடியது. சீடர்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்த மாணவன் தன்னைப் பார்த்தே சிரிக்கிறான்.

அப்படியானால் குரு யார்? எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுபவர். பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லாததாகிவிடும் ஆபத்தில், தன் பட்டியலுக்குத் தானே பலியாகிக் குழியில் கிடப்பவர். பெஸ்கி மூன்று தமிழ் இலக்கணங்களும், சதுரகராதியும், இருமொழி அகராதிகளும் எழுதியவர். ஓலைப் பட்டியலோடு குழியில் கிடக்கும் குருவை அகராதிக்காரரின் சுயகேலியாகப் படிக்கலாம் என்பது என் கருத்து. இதை உறுதிசெய்யும் கடிதமோ முன்னுரை வாக்கியமோ என்னிடம் இல்லை. உவப்பாக இருக்கிறது என்பதற்காக ஒரு வாசிப்பு உண்மையாகிவிடாது என்பதும் தெரியும். ஆனால் எதிர்த் தரப்பு வாசிப்புக்கும் இதைவிடக் கனமான சான்று கிடையாது. காட்சியின் ஒவ்வொரு அசைவையும் விளக்குவது எது என்று பார்த்தால், மொழி கற்பவனின் பிழையே விளக்குகிறது. திண்ணைப் பள்ளி விளக்கவில்லை.

மடத்தைக் கேலி செய்யும் நோக்கமே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆசனம் குளிர்ந்தால் சாவு வரும் என்ற வாக்கை நம்பி நடுங்கும் குருவிடம் அந்தக் கேலி இருக்கிறது. சகுன நம்பிக்கையைச் சிரிப்பது பெஸ்கிக்குத் தொழில். நான் மறுப்பது பள்ளியை மட்டும்.

திண்ணையில் இருந்தது என்ன

1822இல்தான் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவும் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். லண்டனில் மூட குரு அச்சேறிய அதே ஆண்டு. 1826இல் மன்றோ தொகுத்த கணக்கில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. பெண்கள் பெரும்பாலும் படிக்காததால், ஐந்நூறு பேருக்கு ஒன்று என்றே கொள்ளலாம் என்று அவர் கருதினார். பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தவை. ஆகவே இந்த ஆவணங்களில் அவற்றைத் தனியே தேடிக் காண முடியாது. திருச்சிராப்பள்ளிக் கலெக்டரின் வரிக்குள் அவை கரைந்திருக்கின்றன.

காம்ப்பெல்லின் அறிக்கை இன்னொரு வகையில் எனக்கு உதவுகிறது. பள்ளிகளில் வாசிக்கப்பட்ட நூல்களைச் சொல்லும்போது பஞ்சதந்திரத்தை அவர் சேர்க்கிறார். துபுவா ஒரே அட்டைக்குள் கட்டிய இரண்டு நூல்களில் ஒன்று உண்மையிலேயே பள்ளியில் இருந்தது. மற்றது லத்தீன் படித்தவர்களின் பெட்டியிலிருந்து லண்டன் வழியாக அப்போதுதான் வெளியே வந்திருந்தது. பல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் பகுதி, அதன் பட்டியலைக் கொள்ளிடக் கரைக்கு நீட்டக்கூடாது என்று யாரேனும் சொன்னால் அதை ஏற்கிறேன். இருந்தாலும் இரண்டையும் ஒரே தட்டில் வைத்தது பிழை என்பதற்கு இது போதும்.

திண்ணைக் கல்வியின் உள்ளடக்கம் பற்றி செந்தில் பாபுவின் ஆய்வுகள் வந்தபின், ஆறு பேரை எண்ணத் தெரியாத சீடர்களை இந்நிலத்து மாணவர் என்று சொல்வது இன்னும் கடினம். மணலில் எழுதித் தொடங்கும் பையன் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று ஏறிப்போவான். கால், அரைக்கால், மா, காணி என்று இறங்கி முந்திரிக்கு வருவான். அது 320இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே கீழ்முந்திரி, 1,02,400இல் ஒரு பங்கு. இவற்றையெல்லாம் சட்டாம்பிள்ளை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லி நெஞ்சில் ஏற்றிக்கொண்டார்கள். செந்தில் பாபு இதை வெறும் ஒப்பித்தலாகப் பார்க்கவில்லை. நினைவையே கணக்குப் போடும் கருவியாகப் பழக்கும் முறை என்கிறார். களத்தில் நெல் அளக்கவும் நிலத்தில் குழி போடவும் அதுவே கைகொடுத்தது. கிளி என்று காம்ப்பெல் கேட்டது இந்த ஓசையைத்தான் என்று நினைக்கிறேன். திண்ணையைப் பொற்காலமாக்கும் ஆசை எனக்கு இல்லை. யாருக்கெல்லாம் அந்தத் திண்ணையில் இடமில்லை என்பதும், கோதண்டம் போட்டுத் தொங்கவிட்ட தண்டனையும் அறிந்ததே. எண்ணத் தெரியாதவர்கள் அங்கே உருவாகவில்லை என்பது மட்டுமே என் கூற்று.

இந்த நிலத்தில் மாணவனாக இருந்த ஒருவரின் நேர்ச்சாட்சியும் நம்மிடம் உண்டு. காலம் பிந்தியது என்றாலும். 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் சிறுவயதில் அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கேட்டார். பிறகு குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். ரெட்டியாரிடம் யாப்பருங்கலக்காரிகை. 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த ‘என் சரித்திர’த்தில் இந்த ஊர்களைப் படிக்கும்போது கண்ணில் படுவது மாணவக் கூட்டம் அல்ல, அலைச்சல். உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் கற்ற தந்தை, மகனுக்கு அடுத்த நூலைச் சொல்லித்தர யார் இருக்கிறார் என்று விசாரித்து, குடும்பத்தையே அந்த ஊருக்குக் கொண்டுபோகிறார். ஓர் ஆசிரியருக்குத் தெரிந்த நூல் தீர்ந்தவுடன் அடுத்த ஊர். குருவுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்பது இருதரப்புக்கும் வெளிச்சம். ஐந்து சீடர்கள் ஒரு குருவைச் சுற்றி வாழ்நாள் முழுக்கக் கிடக்கும் அமைப்பு இந்தச் சித்திரத்தில் எங்கும் இல்லை. பெஸ்கிக்கும் சாமிநாதையருக்கும் இடையே ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது என்பதால் இதை முடிவான சான்றாக வைக்கவில்லை. ஆனால் ஏலாக்குறிச்சியைச் சுற்றிய இதே வட்டாரத்தில் கல்வி எப்படி நடந்தது என்பதற்கு, மூட குருவை நம்புவதைவிட இதை நம்புவது மேல்.

மொழிப் பயிற்சியிலிருந்து சிறுவர் அலமாரிக்கு

அச்சேறியபின் பரமார்த்த குருவின் கதை தமிழ்நாட்டில் வேறு வாழ்க்கை வாழ்ந்தது. இன்று அதைச் சிறுவர் நூல் வரிசையில், தெனாலிராமனுக்கும் மரியாதைராமனுக்கும் நடுவில்தான் வாங்குகிறோம். மொழி கற்கும் ஐரோப்பியன் மறைந்து, அவன் உட்கார்ந்த இடத்தில் நம் பிள்ளை உட்கார்ந்தான். தமிழில் பிறந்தவனுக்கு ஓலைப் பட்டியல் பாடமாகாது. வெறும் மக்குத்தனமாகவே தெரியும். ஆக, கதை மாறாமலேயே அதன் பொருள் மாறியது. துபுவாவை ஒருபோதும் படிக்காத தமிழ் வாசகர்களும் அவர் முடிவுக்கே வந்துசேர்ந்தது இப்படித்தான்.

கோமாளிக் குரு என்ற அச்சு கிடைத்துவிட்டபின் அதில் வார்ப்பது எளிது. 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணியில் வந்த ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரத்தில் ஆடுசாபட்டி அம்மையப்பப் பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர் வருகிறார். நேரில் பார்த்த மனிதரின் சாயல் அவரிடம் இருக்கிறது. அதனால் பரமார்த்த குருவைவிட உயிருள்ளவர். ஆனால் அவர் வாயைத் திறந்தால் சிரிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அவருக்கு முன்னாலேயே தயாராக இருந்தது. வாரப் பத்திரிகைகளின் வாத்தியார் நகைச்சுவைத் துணுக்குகளைப் பற்றித் தனியாக எழுதத் தேவையில்லை.

1990களில் இரா. நடராசனின் ‘ஆயிஷா’ வந்தபோது அச்சு உடைந்தது போலத் தோன்றியது. புத்தகத்துக்கு வெளியே கேள்வி கேட்கும் மாணவி. கேள்விக்குப் பதிலாக அடி. வலி தெரியாமலிருக்க ரசாயனத்தைத் தன் உடம்பிலேயே சோதித்து அவள் இறந்துபோகிறாள். சொல்பவர் ஓர் ஆசிரியை. எந்தப் பள்ளியில் இப்படி நடக்கிறது என்று ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் மதிக்கவில்லை. பள்ளியில் உடல் தண்டனையை நாடளாவிய சட்டம் ஒன்று வெளிப்படையாகத் தடைசெய்தது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில்தான். கதை வந்த காலத்தில் பிரம்பு மேசைமேல் இருந்தது. மிகை எங்கே இருக்கிறது என்றால், மூடச் சீடன் இருந்த இடத்தில் மேதை மாணவியும், கோமாளிக் குரு இருந்த இடத்தில் கொடிய ஆசிரியர்களும் வந்து உட்கார்ந்ததில். நடுத்தரமாகப் படித்து, நடுத்தரமாகப் பாடம் நடத்தும் பெரும்பான்மைக்கு ஆயிஷாவிலும் இடமில்லை. ஆனால் ஆயிஷாவின் மிகை ஒரு வழக்கை முன்வைக்கிறது, யாரை நோக்கி என்பதும் தெளிவு. பரமார்த்த குருவின் மிகையோ தன் வாசகனைத் தொலைத்துவிட்ட மிகை.

தீர்க்கப்படாமல் நிற்பது ஒரு காலக் கேள்வி. பேச்சுத் தமிழ்ப் பயிற்சி நூல் எந்தப் பதிப்பில் முதன்முதலாகத் தமிழ்ச் சிறுவர்களை நோக்கித் திரும்பியது? 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலும் சென்னையிலும் வந்த அச்சுப் படிகளின் முன்னுரைகளையும், விலையையும், சொற்பட்டியல் எந்தப் படியோடு நின்றுபோனது என்பதையும் வரிசைப்படுத்தினால் ஒரு பத்தாண்டுக்குள் அதைக் குறுக்கிவிடலாம். லத்தீனும் சொற்பட்டியலும் நீக்கப்பட்ட முதல் படியே, என் கணிப்பில், சீடர்கள் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த தேதி. அது 1850க்கு முன்னா பின்னா என்று இப்போதைக்கு என்னால் சொல்ல இயலாது.